குரோஷியாக்காரருக்கு இந்தியாவில் எதற்கு இவ்வளவு ஃபேன்ஸ்? புதுச்சேரியிலிருந்து ஒரு பார்வை

2018 ஜூலை 15. புதுச்சேரியில் முந்தைய நாள்தான் பிரெஞ்சு தேசிய தினக் கொண்டாட்டம் முடிந்திருந்தது. மறுநாள் இரவு 8.30-க்கு மாஸ்கோவில் உலகக் கோப்பை இறுதிப்போட்டி. பிரான்ஸ் - குரோஷியா. பிரெஞ்சு குடியுரிமை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இன்னும் ஆயிரக்கணக்கில் வாழும் ஊர் இது. அவர்கள் யார் பக்கம் என்று கேட்கவே வேண்டாம். 4-2 என்று பிரான்ஸ் ஜெயித்தது. ஆனால் அன்று உலகம் முழுக்க சோஷியல் மீடியாவில் அதிகம் இதயம் வாங்கியது தோற்ற அணிதான். சுமார் 40 லட்சம் மக்கள் மட்டுமே உள்ள ஒரு நாடு, கேப்டன் லூகா மோட்ரிச்சின் சோர்ந்த முகம், கொட்டும் மழையில் நனைந்தபடி வீரர்களைக் கட்டியணைத்த அந்நாட்டு அதிபர். குரோஷியா அன்று பலருக்கும் ‘செகண்ட் டீம்’ ஆனது.

பத்து மாதங்கள் கழித்து, 2019 மே 15 அன்று, ஒரு குரோஷியாக்காரர் இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். பெயர் இகோர் ஸ்டிமாக். (குரோஷிய உச்சரிப்பில் ‘ஷ்டிமாட்ஸ்’. நம் ஊர் வர்ணனையாளர்கள் பழக்கிவிட்டது ‘ஸ்டிமாக்’. இனி மாற்ற முடியாது.) ஐந்து வருடம் இருந்தார், நான்கு கோப்பை வாங்கிக் கொடுத்தார், கடைசியில் வேலையை விட்டுத் தூக்கப்பட்டார். இருந்தும் இந்திய அணி தோற்கிற ஒவ்வொரு இரவும் கமென்ட் செக்‌ஷனில் அவர் பெயர் எட்டிப் பார்க்கிறது. பாதிப் பேர் ‘அவர் இருந்தா இப்படி ஆகியிருக்குமா’ என்கிறார்கள். மீதிப் பேர் ‘எல்லாத்துக்கும் காரணமே அவர்தான்’ என்கிறார்கள். ஒரு பயிற்சியாளருக்கு, அதுவும் கால்பந்துப் பயிற்சியாளருக்கு, இந்தியாவில் இப்படி ஒரு ஆன்லைன் வாழ்க்கை எப்படி அமைந்தது?

யார் இந்த ஸ்டிமாக்?

1967-ல் அன்றைய யூகோஸ்லாவியாவில் உள்ள மெட்கோவிச்சில் பிறந்தவர். சென்டர் பேக், அதாவது நடுத் தடுப்பாட்டக்காரர். 1987-ல் சிலி நாட்டில் நடந்த இளையோர் உலகக் கோப்பையை வென்ற யூகோஸ்லாவிய அணியில் இருந்தார். அதே அணியில்தான் போபன், புரோசினெச்கி, சூகர் எல்லாரும். நாடு உடைந்தபின் குரோஷியாவுக்காக 53 ஆட்டங்கள். இங்கிலாந்தில் டெர்பி கவுன்டி, வெஸ்ட் ஹாம் கிளப்புகள்.

புதுச்சேரி ரசிகர்களுக்கு ஒரு துணுக்கு: 1998 உலகக் கோப்பை அரையிறுதியில் பிரான்சிடம் 1-2 என்று தோற்ற குரோஷிய அணியின் தடுப்பு வரிசையில் ஸ்டிமாக் நின்றார். சூகர் முதல் கோல் போட்டுக் கொடுத்த முன்னிலையை அடுத்த நிமிடமே துராம் சமன் செய்த அதே ஆட்டம். துராம் தன் சர்வதேச வாழ்க்கையில் போட்டதே இரண்டு கோல்தான்; இரண்டும் அன்று, ஸ்டிமாக் இருந்த தடுப்பைத் தாண்டித்தான் போனது. பாவம். அந்தத் தொடரில் குரோஷியா மூன்றாம் இடம் பிடித்தது.

பிறகு 2012-ல் குரோஷிய தேசிய அணிக்கே பயிற்சியாளர் ஆனார். 2013 அக்டோபரில் பதவி போனது. அவருக்குப் பதிலாக வந்தவர் நிகோ கோவாச், ஓய்வுபெற்ற மிட்ஃபீல்டர். கோவாச் அணியை 2014 உலகக் கோப்பைக்குக் கொண்டு போனார். அப்புறம் பிராங்பர்ட், பயர்ன் மியூனிக், டார்ட்மண்ட் என்று பெரிய கிளப்புகளாக ஏறிக்கொண்டே போனார். ஸ்டிமாக்கின் பாதை வேறு மாதிரி வளைந்து இந்தியாவுக்கு வந்தது.

பந்தைப் பிடுங்கிய கை

ஆரம்ப வருடங்களில் அவர் ஒன்றும் ஸ்டார் இல்லை. 2019 செப்டம்பரில் ஆசிய சாம்பியன் கத்தாரை அவர்கள் மண்ணிலேயே 0-0 என்று நிறுத்தியபோது ஒரு நல்ல பெயர் வந்தது. அடுத்த மாதமே கொல்கத்தாவில் வங்கதேசத்துடன் 1-1 டிரா. வந்த பெயர் போனது. 2021-ல் மாலத்தீவில் தெற்காசிய சாம்பியன்ஷிப்பான சாஃப் கோப்பையை இந்தியா வென்றது. அதைப் பெரிய சாதனையாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அந்தத் தொடரில் இந்தியா ஜெயிக்கவில்லை என்றால்தான் செய்தி.

எல்லாம் மாறியது 2023-ல். மார்ச்சில் இம்பாலில் முத்தரப்புத் தொடர். ஜூன் 18-ல் புவனேஸ்வரில் லெபனானை 2-0 என்று வென்று இன்டர்கான்டினென்டல் கோப்பை. மூன்றே நாளில், ஜூன் 21 அன்று, பெங்களூருவில் சாஃப் தொடரின் முதல் ஆட்டம். எதிரணி பாகிஸ்தான். இந்தியா முன்னிலையில் இருக்கிறது. முதல் பாதி முடியும் நேரம். பாகிஸ்தான் வீரர் த்ரோ-இன் எடுக்கப் பந்தைத் தூக்குகிறார். கோட்டுக்கு வெளியே நிற்கும் ஸ்டிமாக் அதைத் தட்டிவிடுகிறார். தள்ளுமுள்ளு. ரெட் கார்டு.

நியாயமாகப் பார்த்தால் இது தப்பு. ஜெயித்துக்கொண்டிருக்கும் அணியின் பயிற்சியாளர் செய்யத் தேவையே இல்லாத காரியம். ஆனால் செல்போன் திரையில் அது பத்து விநாடி மாஸ் சீன். எதிரணி பாகிஸ்தான், பயிற்சியாளர் நம்ம பசங்களுக்காகச் சண்டைக்குப் போகிறார், சுனில் சேத்ரி ஹாட்ரிக் அடிக்கிறார், 4-0. மறுநாள் ஸ்டிமாக் தன் சமூக வலைதளப் பக்கத்தில் மன்னிப்பு ஏதும் கேட்கவில்லை. என்னை நேசித்தாலும் சரி, வெறுத்தாலும் சரி, என் வீரர்களைக் காக்கத் தேவைப்பட்டால் மறுபடியும் இதையே செய்வேன் என்ற பொருளில் எழுதினார். அன்றைக்கு இந்தியக் கால்பந்து ரசிகர்களுக்கு ஒரு ஹீரோ கிடைத்துவிட்டார்.

சொன்னபடியே மறுபடியும் செய்தார். ஜூன் 27-ல் குவைத்துக்கு எதிராக இன்னொரு ரெட் கார்டு. இரண்டு ஆட்டத் தடை, 500 டாலர் அபராதம். கணக்குப் பார்த்தால் அந்தத் தொடரின் ஐந்து ஆட்டங்களில் மூன்றில் அவர் டக்-அவுட்டிலேயே இல்லை. மீதி இரண்டிலும் பாதியில் வெளியேற்றப்பட்டவர். அணியைக் கையாண்டது துணைப் பயிற்சியாளர் மகேஷ் கவ்லி. ஜூலை 4 இறுதிப்போட்டியில் குவைத்தை பெனால்டியில் வென்று கோப்பை இந்தியாவுக்கு. அந்தக் கோப்பைக்கான ஆன்லைன் பாராட்டில் கவ்லிக்குக் கிடைத்த பங்கு எவ்வளவு என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அந்த மாதம் ஃபிஃபா தரவரிசையில் இந்தியா 99-வது இடம்.

பிரதமருக்கு ஒரு ‘ஓப்பன் லெட்டர்’

இந்தக் கதையில் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ரெட் கார்டு வெறும் ரீல். அடுத்து நடந்தது அதிகாரம் சம்பந்தப்பட்டது.

2023 செப்டம்பரில் சீனாவின் ஹாங்ஜோவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் விதிப்படி, குழு விளையாட்டில் ஆசிய அளவில் முதல் 8 இடங்களுக்குள் இருந்தால்தான் அணியை அனுப்புவார்கள். இந்தியக் கால்பந்து அணி அதில் இல்லை. அதனால் அணி போகாது என்ற நிலை. ஜூலை 17 அன்று ஸ்டிமாக், பிரதமர் நரேந்திர மோடிக்கும் அன்றைய விளையாட்டு அமைச்சர் அனுராக் தாக்குருக்கும் ஒரு திறந்த கடிதத்தை ட்விட்டரில் போட்டார். 

யோசித்துப் பாருங்கள். ஒரு வெளிநாட்டவர், மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர், தனக்கு வேலை கொடுத்த அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் தலைக்கு மேலே போய் நேரடியாக நாட்டின் பிரதமரிடம் பொதுவெளியில் கோரிக்கை வைக்கிறார். ஒரு இந்தியப் பயிற்சியாளர் இதைச் செய்திருக்க முடியுமா? செய்திருந்தால் அடுத்த சீசன் அவருக்கு வேலை இருந்திருக்குமா?

ஒன்பதே நாளில், ஜூலை 26 அன்று, விதியைத் தளர்த்தி ஆண்கள், பெண்கள் இரு அணிகளுக்கும் அனுமதி கொடுத்ததாக அமைச்சர் அறிவித்தார். கடிதம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. சம்மேளனமும் தன் பங்குக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ரசிகர்கள் மனதில் பதிந்த கணக்கு சிம்பிள்: ‘கோச் லெட்டர் போட்டார், வேலை நடந்தது’.

நடந்த வேலை எப்படி இருந்தது? ஐ.எஸ்.எல். சீசன் தொடங்கும் அதே வாரத்தில் போட்டி. கிளப்புகள் வீரர்களை விடத் தயங்கின. கடைசி நேரத்தில் ஒட்டுப்போட்ட அணி, போதிய ஓய்வுகூட இல்லாமல் சீனாவுக்கு எதிராக இறங்கி 1-5 என்று தோற்றது. வங்கதேசத்தை 1-0 என்று வென்று, மியான்மருடன் டிரா செய்து, நாக்-அவுட்டில் சவுதியிடம் 0-2. அனுமதி வாங்குவதற்கு ட்விட்டர் போதுமாக இருந்தது. வீரர்களை வாங்குவதற்குப் போதவில்லை.

மாஹேவில் ‘ஆசான்’

ஸ்டிமாக்கை மட்டும் பார்த்தால் இது ஒரு தனி மனிதரின் குணம் என்று தோன்றலாம். அப்படி இல்லை என்பதற்குப் புதுச்சேரிக்குள்ளேயே சாட்சி இருக்கிறது.

புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் நான்கு துண்டுகளில் ஒன்று மாஹே. கேரளத்தின் கண்ணூர், கோழிக்கோடு பக்கத்தில் ஒன்பது சதுர கிலோமீட்டர் மட்டுமே. நிர்வாகம் புதுச்சேரி, மொழி மலையாளம், கால்பந்து மனசு கேரளா பிளாஸ்டர்ஸ். அந்தப் பக்கத்தில் 2021 முதல் மூன்று வருடம் ஒரே பெயர்தான்: இவான் வுகோமானோவிச். ரசிகர்கள் வைத்த பெயர் ‘ஆசான்’. செர்பியர். ஆடிய காலத்தில் தடுப்பாட்டமும் டிஃபென்சிவ் மிட்ஃபீல்டும். பிரான்சின் போர்தோ கிளப்புக்கும் ஆடியவர்.

வந்த முதல் சீசனிலேயே அணியை இறுதிப்போட்டிக்குக் கொண்டு போனார். 2022 மார்ச் 20, கோவாவில் ஹைதராபாத்திடம் பெனால்டியில் தோல்வி. ஆனால் அவரை லெஜண்ட் ஆக்கியது ஒரு வெளிநடப்பு. 2023 மார்ச் 3, பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானம், நாக்-அவுட் ஆட்டம், கூடுதல் நேரம். கேரள வீரர்கள் தடுப்புச் சுவர் அமைப்பதற்குள் சேத்ரி ஃப்ரீ கிக்கை வலைக்குள் தள்ளினார். நடுவர் கோல் கொடுத்தார். வுகோமானோவிச் அணியைக் கையசைத்துக் கூப்பிட்டார், மொத்தமாக வெளியேறினார்கள். கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம். அவருக்கு 10 ஆட்டத் தடை, 5 லட்சம் அபராதம்.

விதிப்புத்தகப்படி பார்த்தால் ஆட்டத்தைப் பாதியில் விட்டது பெரும் குற்றம்தான். ரசிகர்களின் தீர்ப்பு வேறு. ‘எங்களுக்காக ஒருத்தன் வெளிய நடந்தான்’. தடை முடிந்து அக்டோபர் 27 அன்று கொச்சிக்கு அவர் திரும்பிய ஆட்டத்தில் மைதானம் எப்படி இருந்தது என்பதற்கு வீடியோக்கள் இருக்கின்றன, தேடிப் பாருங்கள். ஒடிசாவை 2-1 என்று அணி வென்றது. மூன்று சீசனில் ஒரு கோப்பைகூட அவர் வாங்கித் தரவில்லை. 2024 ஏப்ரலில் பிரிந்தார். ‘ஆசான்’ பட்டம் மட்டும் அவரோடு போகாமல் இங்கேயே இருக்கிறது.

இன்னொரு விசித்திரம். ஒருவர் குரோஷியர், இன்னொருவர் செர்பியர். தொண்ணூறுகளில் எதிரெதிர் பக்கம் நின்று போரிட்ட இரண்டு நாடுகள். இந்திய டைம்லைனில் இருவரும் ஒரே கட்சி: சம்மேளனத்தை எதிர்த்துப் பேசும் கட்சி.

இதில் புதுச்சேரி நகரவாசிகள் எங்கே? ஈ.சி.ஆரில் 150 கிலோமீட்டர் போனால் சென்னை, அதனால் பலருக்குச் சென்னையின் எஃப்.சி.தான் டீம். அதன் முதல் பயிற்சியாளர் மார்கோ மாடராசி. 2015-ல் கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிதானிடம் தலைமுட்டு வாங்கிய அதே மாடராசி. வீட்டில் பிரான்ஸ் கொடி வைத்திருப்பவருக்கு அவரை ‘நம்ம கோச்’ என்று சொல்வது எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும்!

ஏன் எப்போதும் பயிற்சியாளரே?

கிரிக்கெட்டில் இது நடப்பதில்லை. அங்கே ரசிகர்களின் அன்பு வீரர்களுக்கு, பயிற்சியாளருக்கு மிஞ்சுவது திட்டு மட்டும். கால்பந்தில் தலைகீழ். காரணங்கள் சில தெளிவாகவே தெரிகின்றன.

வீரர்கள் பேச மாட்டார்கள். பலர் இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்கள், கிளப் ஒப்பந்தம் கையைக் கட்டுகிறது, சம்மேளனத்தைப் பற்றி வாய் திறந்தால் அடுத்த கேம்ப்புக்கு அழைப்பு வருமா என்ற பயம் இயல்பானது. தமிழ்நாட்டின் சூசைராஜ் 2019 கிங்ஸ் கோப்பை அணியில் இருந்தார், சென்னைப் பையன் நந்தகுமார் 2023-ல் சீனியர் அணிக்கு அறிமுகமானார். இருவருமே ஸ்டிமாக் காலத்தில் வந்த வாய்ப்புகள். அவர்கள் குரலை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? சேத்ரி ஒரு விதிவிலக்கு. 2018 ஜூனில் மும்பையில் சீன தைபேவுக்கு எதிரான ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் வெறும் 2,569 பேர். ‘திட்டவாவது மைதானத்துக்கு வாங்க’ என்று அவர் ஒரு வீடியோ போட்டார். மூன்று நாள் கழித்துக் கென்யா ஆட்டத்துக்கு டிக்கெட் மொத்தமும் காலி. ஆக, ஆன்லைன் குரலுக்கு இங்கே நாற்காலியை நிரப்பும் பலம் உண்டு. சேத்ரிக்கு அடுத்து அந்தக் குரல் யாரிடம் என்பதுதான் கேள்வி. பதில், மைக் முன்னால் தயங்காமல் பேசும் வெளிநாட்டுப் பயிற்சியாளரிடம் போய்ச் சேர்ந்தது.

அவருக்கு இழக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. வேலை போனால் இழப்பீடு வரும், வேறு நாட்டில் வேறு வேலை வரும். அந்தச் சுதந்திரத்தை ரசிகர்கள் தைரியமாகப் படித்தார்கள். முழுக்கத் தப்பும் இல்லை. ஆனால் அந்தத் தைரியத்துக்கு ஒரு ஒப்பந்தப் பத்திரம் பின்னால் இருந்தது என்பது 2024-ல் தெரிந்தது.

அதே வாய், வேறு முடிவு

2024 ஜனவரி, கத்தாரில் ஆசியக் கோப்பை. ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. மூன்று ஆட்டம், ஒரு கோல் இல்லை. பிப்ரவரி தரவரிசையில் இந்தியா 117. அடுத்து உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று. அணியை மூன்றாம் சுற்றுக்குக் கொண்டு போகாவிட்டால் நானே விலகிவிடுவேன் என்று ஸ்டிமாக் பொதுவெளியில் சொன்னார். மார்ச் 26 அன்று குவாஹாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2. ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் சேத்ரியின் கடைசித் தகுதிச்சுற்று ஆட்டம் குவைத்துடன் 0-0. ஜூன் 11 அன்று தோஹாவில் கத்தாரிடம் 1-2. அதில் கத்தாரின் முதல் கோல், பந்து எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியே போனபின் இழுத்து வந்து போட்டது. ரசிகர்களின் கோபம் ஒருநாள் முழுக்க அந்தக் கோலின் மேல் இருந்தது. பிறகு கேள்வி பயிற்சியாளரிடம் திரும்பியது: சொன்ன சொல் என்ன ஆச்சு?

அவர் விலகவில்லை. ஜூன் 17 அன்று சம்மேளனம் அவரை நீக்கியது. முந்தைய வருடம்தான், அவருடைய புகழ் உச்சத்தில் இருந்தபோது, ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டித்திருந்தார்கள். நான்கு நாள் கழித்து ஆன்லைனில் பத்திரிகையாளர்களைச் சந்தித்து, சம்மேளனத் தலைமை மீது சரமாரியாகக் குற்றம் சாட்டினார் ஸ்டிமாக். பத்து நாளில் பாக்கியைத் தீர்க்காவிட்டால் ஃபிஃபா தீர்ப்பாயம் என்றார். சம்மேளனம் மறுத்து நீண்ட அறிக்கை விட்டது. கடைசியில் 4 லட்சம் டாலருக்கு, அதாவது ரூபாயில் மூன்று கோடிக்கு மேல், சமரசம்.

அந்தப் பணத்தை யார் தலையில் எழுதுவது என்பதில்தான் ரசிகர்கள் இன்றும் இரண்டாகப் பிரிகிறார்கள். விலகுவேன் என்று சொன்னவர் பணம் கேட்டது உறுத்தல்தான். ஆனால் தோற்றால் எப்படிப் பிரிவது என்பதை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிக்கொள்ளாமல் நீட்டிப்பு கொடுத்தவர்கள் யார்? 2023 கோடையில் லைக் வாங்கிக்கொண்டிருந்த ஒருவருடன் சண்டை போட எந்த நிர்வாகமும் தயாராக இருக்காது. புகழ் தருகிற பேரபலம் அது. இந்தியக் கால்பந்து நிர்வாகம் ஒரு பயிற்சியாளரை அளக்க வேறு அளவுகோல் வைத்திருக்கவில்லை என்பதும் அதில் தெரிகிறது. வயதுவாரி லீக் எத்தனை, ஸ்ட்ரைக்கர்கள் எங்கிருந்து வருவார்கள் என்பதெல்லாம் ரெட் கார்டு ரீல் மாதிரி ஓடாது.

அப்புறம் என்ன ஆச்சு?

ஸ்பெயினின் மனோலோ மார்கேஸ் வந்தார், ஒரு வருடத்தில் ஒரே ஒரு வெற்றியுடன் போனார். 2025 ஜூலையில் அந்த இடத்துக்கு 170 விண்ணப்பங்கள். அதில் ஸ்பெயின் லெஜண்ட் ஜாவியின் பெயரிலும், பெப் கார்டியோலா பெயரிலும் மின்னஞ்சல்கள். முதலில் ஜாவி விண்ணப்பித்தார் என்றே செய்தி பரவியது. ‘சம்பளம் கட்டுப்படியாகாது’ என்று வருத்தமெல்லாம் பட்டார்கள். அப்புறம் இரண்டும் போலி என்று சம்மேளனமே அறிக்கை விட்டது. நான்தான் அனுப்பினேன் என்று ஒரு கல்லூரி மாணவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஆகஸ்ட் 1 அன்று வேலை காலித் ஜமீலுக்குக் கிடைத்தது. பல வருடங்களுக்குப் பிறகு ஒரு இந்தியர். முதல் தொடரிலேயே மத்திய ஆசியப் போட்டியில் ஓமனை பெனால்டியில் வென்று மூன்றாம் இடம். அக்டோபர் 14 அன்று கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பு போனது. காலித் அதிகம் பேசாதவர். கேள்விக்கு ஒரு வரி, சில சமயம் அரை வரி. அவருடைய பத்திரிகையாளர் சந்திப்பில் வெட்டி ரீல் போட எதுவும் தேறாது. அன்றிரவு கமென்ட்டுகளில் வழக்கம்போல வந்து நின்ற பெயர், ஸ்டிமாக்.